கிராம சபை: நம்பப்படுவதும் சட்டம் சொல்வதும்

தமிழ்நாட்டின் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூட்டப்பட வேண்டிய கிராம சபை, ஊரின் சாலை, குடிநீர், நிலம், கணக்கு ஆகியவற்றைப் பற்றி வாக்காளர்கள் நேரடியாகப் பேசி முடிவெடுக்கச் சட்டம் அமைத்த அவையாகும். ஆனால் அதைப் பற்றி ஊர்களில் வேரூன்றியிருக்கும் நம்பிக்கைகளுள் பல, மக்களே அதைக் கைவிடும் அளவுக்குத் தவறானவை.

கிராம சபை என்பது ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் நடத்தும் கூட்டம் என்றும், பொதுமக்கள் அங்கே மனு கொடுக்க வரும் பார்வையாளர்கள் என்றும் கருதுவது அவற்றுள் முதன்மையானது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடுவது ஊராட்சி மன்றக் கூட்டம். கிராம சபையோ, 1992-இன் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் உறுப்பினராகக் கொண்டது. தலைவர் அதற்குத் தலைமை தாங்குகிறாரே தவிர அதன் உரிமையாளர் அல்லர். 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோதும் கிராம சபை கலையவில்லை. வாக்காளர் பட்டியல் உள்ளவரை அது இருக்கும்.

இந்த அவை உத்திரமேரூர்ச் சபையின் நேரடித் தொடர்ச்சி என்று மேடைகளில் பெருமையுடன் சொல்லப்படுவதும் திருத்தப்பட வேண்டியது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையையும், கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிய விதியையும் விவரிக்கும் அரிய ஆவணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கு வாரியம் எனப்பட்ட சபைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், 35 முதல் 70 வரையிலான வயதும், வேதக் கல்வியும் தேவைப்பட்டன. பெண்களுக்கும் நிலமற்ற உழவர்களுக்கும் அங்கே இடமில்லை. இன்றைய கிராம சபையில் நிலமற்ற கூலித்தொழிலாளியும் மிராசுதாரும் ஒரே பாயில் சமமாக அமர முடிகிறதென்றால், அந்த உரிமை 1950-இன் அரசியலமைப்பிலிருந்து வந்ததே அன்றிக் கல்வெட்டிலிருந்து வந்ததன்று.

தீர்மானம் போட்டால் எந்தத் திட்டமும் நின்றுவிடும் என்போரும், தீர்மானம் வெறும் காகிதம் என்போரும் ஒரே ஊரிலேயே உண்டு. தீர்மானத்தின் வலிமை, அது எந்தச் சட்டத்தின்கீழ் நிறைவேற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பதால் இரு தரப்பின் கருத்தும் பிழையே. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டுவது பற்றி 2013-இல் உச்ச நீதிமன்றம் அங்குள்ள கிராம சபைகளின் முடிவைக் கேட்கச் சொன்னதும், 12 சபைகளும் மறுத்ததால் சுரங்கம் நின்றதும், வன உரிமைச் சட்டம் 2006 அச்சபைகளுக்குக் கொடுத்த இடத்தால் நிகழ்ந்தவை. அதே வலிமை காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரத்தின் தீர்மானங்களுக்கு வாய்க்கவில்லை. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து அவ்வூரின் கிராம சபை 2022 முதல் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியும் நிலம் எடுக்கும் பணி தொடர்ந்தது. அங்கு கையாளப்பட்ட தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் 1997, மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றதாகும். அந்த மதிப்பீடு என்பது, நிலம் போனால் யார் யார் எவற்றை இழப்பர் என்று ஊராட்சியையும் கிராம சபையையும் கலந்து முன்கூட்டியே ஆராய்வது. ஏகனாபுரத்து மக்களின் உறுதியில் குறையில்லை. அவர்களின் குரலுக்குக் காது கொடுக்க வேண்டிய கடமையைச் சட்டம் நீக்கியிருந்ததே குறை, அது மக்களாட்சிக்கு நேர்ந்த உண்மையான இழப்பு.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாடம். டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக 2024 நவம்பரில் அங்கு நிறைவேறிய கிராம சபைத் தீர்மானத்துக்கு ஏலத்தை நீக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அது அவ்வூரின் எதிர்ப்பை அரசு ஆவணமாக்கியது. அதைத் தொடர்ந்து சட்டமன்றத் தீர்மானமும் மேலூரிலிருந்து மதுரை நோக்கிய மக்கள் நடைப்பயணமும் வந்தன. 2025 ஜனவரி 23-ஆம் நாள் ஏலம் நீக்கப்பட்டது.

நிலம் தொடர்பாக மிகுந்த பொருள் இழப்பை விளைவித்த நம்பிக்கை வேறொன்று. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ உள்ள மனை என்று விளம்பரம் செய்யப்பட்டவற்றை, ஊராட்சித் தலைவரின் முத்திரை போதும் என்றெண்ணி ஏராளமானோர் வாங்கினர். ஒரு வயலை மனைப்பிரிவாக மாற்ற, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் முதலில் வேண்டும். அதன் பிறகே ஊராட்சி அனுமதி தர இயலும். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோதுதான் பலருக்கு இது தெரியவந்தது. அதன் பின்னரே 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மனைப்பிரிவின் சாலைகளும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடமும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு வந்து சேர்ந்தனவா என்பது, ஒவ்வொரு கிராம சபையிலும் கேட்கத்தக்க, ஆனால் அரிதாகவே கேட்கப்படும் கேள்வி.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் பங்கேற்பு முடிந்தது என்னும் எண்ணமே இறுதியாக நிற்கிறது. மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை. அதை நிரப்ப நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அழைத்துவந்து கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் வழக்கம், அவையை அதன் உறுப்பினர்களைக் கொண்டே வெறுமையாக்குகிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 3-ஆவது பிரிவு, ஊரின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் பொறுப்பை இச்சபைக்கே கொடுத்திருக்கிறது. எனவே ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் ‘படிவம் 30’ கூட்டத்தில் வாசிக்கப்படும்போது, தெருவிளக்குக்கும் மோட்டார் பழுதுக்கும் எழுதப்பட்ட தொகையை அந்தத் தெருவில் குடியிருப்பவரே ஒப்பிட்டுக் கேட்கலாம். கேட்டதையும் பெற்ற விடையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை உரக்க வாசிக்கக் கேட்டபின் கையெழுத்திடலாம். கூட்டம் தொடங்கும் முன்பே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கப்பட்டால், அதற்கு மறுப்புத் தெரிவிக்கவும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு.