கிளை என்னும் சொல்: சிலப்பதிகார இசைக் கலைச்சொற்களைக் கற்பித்தலில் ஓர் அணுகுமுறை

ஆய்வுச் சுருக்கம்

சிலப்பதிகாரத்தில் பயிலும் இசைக் கலைச்சொற்கள் முதுகலைத் தமிழ் வகுப்புகளில் பெரும்பாலும் ஒலியோடு தொடர்பின்றி, பொருள் தரும் பட்டியலாக மட்டுமே பயிற்றுவிக்கப்படுகின்றன. ஏழு நரம்புப் பெயர்களையும் இணை, கிளை, பகை, நட்பு என்னும் உறவுச் சொற்களையும் அவற்றின் பிறப்பு முறை வழியே கற்பித்தால், மாணவர் சொற்பொருளை உணர்வதோடு உரைச் சிக்கல் ஒன்றையும் தாமே தீர்க்க இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குரல், இளி, கிளை, அலகு, செம்பாலை, பண்ணுப்பெயர்ப்பு, ஆர்மோனியம்.

1. முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்த பின்னரே பழந்தமிழ் இசையின் கலைச்சொற்கள் ஆய்வுலகின் கவனத்திற்கு முழுமையாக வந்தன. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலானந்த அடிகளின் யாழ்நூல் (1947), வீ.ப.கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியம் ஆகியன அச்சொற்களுக்கு விரிந்த விளக்கம் தந்துள்ளன. எனினும் அரங்கேற்று காதை பாடமாக வைக்கப்படும் வகுப்பறைக்குள் இவ்விளக்கங்கள் உரிய அளவில் நுழையவில்லை. குரல் என்பது சட்சம், துத்தம் என்பது ரிடபம் என ஏழு இணைகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதோடு கல்வி முடிந்துவிடுகிறது. சட்சம் எனும் சொல்லையும் ஒலியாக அறியாத மாணவருக்கு இது அறியாத ஒன்றை அறியாத பிறிதொன்றால் விளக்குவதாகும்.

விருதுநகரை அடுத்த சூலக்கரை போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணவர்களை இங்கு எண்ணிப்பார்க்கலாம். கந்தக பூமி எனப்படும் இவ்வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களைச் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முறையான இசைப்பயிற்சி வாய்ப்பது அரிது. ஆனால் அவர்கள் இசை கேளாதவர் அல்லர். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலும் ஊர்க்கொடைகளும் நையாண்டி மேளமும் அவர்கள் காதில் வளர்ந்தவை. ‘ஒத்து’, ‘கட்டை’, ‘சுதி’ ஆகிய சொற்கள் அவர்கள் வாயில் உள்ளன. கற்பித்தல் இவ்விடத்திலிருந்தே தொடங்கப்பட வேண்டும்.

2. கட்டை: அறிந்த சொல்லிலிருந்து தொடக்கம்

ஆர்மோனியத்தின் விசைப்பலகையில் ஒவ்வொரு விசையும் கட்டை எனப்படும். ‘அவர் ஐந்து கட்டையில் பாடுவார்’ எனும் வழக்கு இதனின்றும் பிறந்ததே. வெள்ளைக் கட்டைகள் ஏழும் ஒன்று முதல் ஏழு வரை எண்ணப்படும். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப்படும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் இடையிலும் கறுப்புக் கட்டை இல்லை. ஆகப் பன்னிரண்டு நிலைகள். பழையோர் பன்னிரு இராசிகளில் நரம்புகளை நிறுத்தி வட்டப்பாலை வகுத்ததற்கும் இப்பன்னிரு நிலைகளே அடிப்படை.

இனி, ஐந்தாம் கட்டையைக் குரலாகக் கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக இசைப்பின் கிடைப்பது வருமாறு:

குரல் – 5 கட்டை
துத்தம் – 6 கட்டை
கைக்கிளை – 7 கட்டை
உழை – மேல் 1 கட்டை
இளி – மேல் 2 கட்டை
விளரி – மேல் 3 கட்டை
தாரம் – மேல் 4 கட்டை

இவ்வரிசையே அரிகாம்போதி. செம்பாலை என்பது அரிகாம்போதியே என எஸ். இராமநாதன் உள்ளிட்ட இசையறிஞர் கொள்வர். ஒரு கறுப்புக் கட்டையையும் தொடாமல் செம்பாலையைக் கேட்க முடிவது, இசைப்பயிற்சி இல்லாத மாணவருக்குப் பெருந்துணையாகும்.

3. கிளை: உறவுச் சொல்லும் இசைச் சொல்லும்

நரம்புகளின் உறவைக் குறிக்க உரையாசிரியர் ஆளும் சொற்கள் மக்கள் வாழ்வினின்றும் எடுக்கப்பட்டவை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றாம், ஆறாம் நரம்புகள் பகை. ஐந்தாம் நரம்பு கிளை. இங்கு எண்ணுமுறையில் ஓர் எச்சரிக்கை தேவை. நின்ற நரம்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். குரலை ஒன்றாகக் கொண்டால் இளி ஐந்தாவது. நின்ற நரம்பை விடுத்து எண்ணும் மாணவர் விளரியைக் கிளையென்று எழுதிவிடுவர்; அஃதோ குரலுக்கு ஆறாவதாகிய பகை.

கிளையை ‘ஐந்தாம் நரம்பு’ என்று மட்டும் விளக்குவது போதாது. அடியார்க்குநல்லார் காட்டும் பழைய நூற்பாவொன்று கிளையாவன குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என ஐந்து நரம்புகளைத் தொடராகச் சுட்டுகிறது. இவை ஐந்தும் குரலுக்கு ஐந்தாம் நரம்புகள் அல்ல. ஒவ்வொன்றும் தனக்கு முன்னதின் ஐந்தாம் நரம்பு. குரலின் ஐந்தாவது இளி. இளியின் ஐந்தாவது துத்தம். துத்தத்தின் ஐந்தாவது விளரி. விளரியின் ஐந்தாவது கைக்கிளை. எனவே கிளை என்பது இரு நரம்புகளின் இடைவெளியைக் குறிப்பதோடு, ஒரு மூலத்தினின்றும் வழிவழியாகக் கிளைத்த மரபையும் குறிக்கிறது.

தென்மாவட்டங்களில் சில சமூகத்தாரிடையே ஒரே வழியில் வந்தோரைக் கிளை என வழங்கும் வழக்கு இன்றும் உண்டு. ஒரு கிளையைச் சேர்ந்தோர் தம்முள் மணவுறவு கொள்ளாமை அவ்வழக்கின் கூறு. இவ்வழக்கறிந்த மாணவருக்கு இசைக்கிளையின் பொருள் விளக்கமின்றியே புலப்படும். இலக்கியத்தில் ‘கிளைஞர்’ என்பதற்குச் சுற்றத்தார் என உரை கூறிப் பழகிய ஆசிரியருக்கும் இது புதிய வெளிச்சமாகும்.

4. பிறப்பு முறை

உரைமேற்கோளாக வரும் வெண்பாவொன்று இம்மரபை முழுமையாக்குகிறது. அதன்படி தாரத்துள் உழை தோன்றும், உழையுள் குரல், குரலுள் இளி, இளியுள் துத்தம், துத்தத்துள் விளரி, விளரியுள் கைக்கிளை. அவ்வெண்பா இதனைப் பிறப்பாகவே கூறுகிறது. ஆர்மோனியத்தில் 4, 1, 5, 2, 6, 3, 7 எனக் கட்டைகளை இசைப்பின் இவ்வரிசை அப்படியே ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் கடக்கும் நிலைகள் ஏழு.

தொடர் கைக்கிளையோடு நிற்பதற்கும் காரணம் உண்டு. கைக்கிளையின் ஐந்தாவது தாரம். ஆனால் ஏழாம் கட்டையிலிருந்து மேல் நான்காம் கட்டைக்கு ஆறு நிலைகளே உள்ளன. பொருந்தாத அவ்வொலியை மாணவர் காதாலேயே கண்டுகொள்வர். செம்பாலையில் பிறந்த ஏழு நரம்புகளுள் கிளை பெறாத ஒரே நரம்பு கைக்கிளை. கைக்கிளையைக் குரலாகக் கொண்ட செவ்வழிப்பாலையை இருமத்திமத் தோடி என இன்றைய அறிஞர் கூறுவதன் காரணமும் இதுவே. அதற்கு உரிய இளி அமையவில்லை.

5. அலகும் ஒரு பாடச் சிக்கலும்

மற்றொரு வெண்பா நரம்புகளுக்குரிய அலகுகளைத் தருகிறது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. இவ்வலகுகள் ஒவ்வொரு நரம்புக்கும் கீழே எண்ணப்படுவனவா, மேலே எண்ணப்படுவனவா? வகுப்பறையில் இவ்வினா எழுப்பப்படுவதில்லை. விடையைப் பொறுத்துப் பண்ணே மாறிவிடும்.

கீழே எண்ணின், குரலிலிருந்து துத்தம் 4, கைக்கிளை 7, உழை 9, இளி 13, விளரி 16, தாரம் 18 ஆகிய தொலைவுகளில் அமையும். இது அரிகாம்போதிக்குப் பொருந்தும். மேலே எண்ணின், துத்தம் 4, கைக்கிளை 8, உழை 11, இளி 13, விளரி 17, தாரம் 20 என அமையும். இது கல்யாணியை ஒக்கும். இரண்டிலும் குரலுக்கும் இளிக்கும் இடையே 13 அலகுகள். ஆகவே கிளையின் அளவு 13 எனக் கொண்டு பிறப்பு முறையால் இரண்டையும் சோதிக்கலாம்.

கீழெண்ணும் முறையில் ஆறு பிறப்புகளுள் ஐந்து 13 அலகு பெறுகின்றன. துத்தத்திலிருந்து விளரி மட்டும் 12. மேலெண்ணும் முறையிலும் ஐந்து 13 பெறுகின்றன. உழையிலிருந்து குரல் மட்டும் 11. எண்ணிக்கையில் இரண்டும் ஒத்திருப்பினும் குறைபாட்டின் தன்மை ஒன்றன்று. 12 என்பது ஓரலகு குறைந்த கிளை. ஆர்மோனியத்தின் பன்னிரு நிலைகளில் அக்குறை மறைந்து ஏழு நிலைகளாகவே கேட்கும். 11 என்பதோ 22இன் சரிபாதி. ஆறு நிலைகளுக்குரிய, கிளையாகாத ஒலி. உழையுள் குரல் பிறக்கும் என்ற பழைய கூற்று மேலெண்ணும் முறையில் பொய்யாகிறது. ஆதலின் கீழெண்ணும் முறையே ஏற்புடையது. செம்பாலை அரிகாம்போதி என்னும் முடிவுக்கும் இது துணைநிற்கிறது.

எஞ்சும் ஓரலகுக் குறை புறக்கணிக்கத்தக்கதன்று. பன்னிரு நிலைகளையும் இவ்விரண்டு அலகாகப் பகுத்து, அலகு 24 என ஆபிரகாம் பண்டிதர் வாதிட்டார். அம்முறையில் கிளைகள் யாவும் 14 அலகு பெற்று ஒத்துவிடும். ஆயின் வெண்பாவின் 22 என்னும் கூட்டுத்தொகையை விட நேரும். இவ்விரண்டில் எதனை விடுப்பது என்பதே அலகு பற்றிய நெடிய விவாதத்தின் மையம் என மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

6. பண்ணுப்பெயர்ப்பு

பிறப்பு முறை தெளிந்தபின் ஏழ்பெரும்பாலைகளைக் கற்பித்தல் எளிது. வெள்ளைக் கட்டைகளை மாற்றாமல் குரலை மட்டும் மாற்றினால் போதும். 5 கட்டையில் செம்பாலை, 6இல் படுமலைப்பாலை (நடபைரவி), 7இல் செவ்வழிப்பாலை, 1இல் அரும்பாலை (சங்கராபரணம்), 2இல் கோடிப்பாலை (கரகரப்பிரியா), 3இல் விளரிப்பாலை (தோடி), 4இல் மேற்செம்பாலை (கல்யாணி). குரல் குரலாயது செம்பாலை, துத்தம் குரலாயது படுமலைப்பாலை என உரை கூறும் வாய்பாடு அப்போது மனப்பாடப் பொருளாக இராது, செயல்முறையாகிவிடும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: ஏழு நரம்புப் பெயர்களை ஏறுவரிசையில் மட்டுமன்றிப் பிறப்பு வரிசையிலும் கற்பித்தல் வேண்டும். கிளை என்னும் சொல்லுக்கு இடைவெளிப் பொருளோடு மரபுவழிப் பொருளும் உண்டு. அலகு வெண்பாவையும் பிறப்பு வெண்பாவையும் இணைத்துப் பயில்வதால் அலகுகள் கீழே எண்ணப்படுவன என்பது தெளிவாகிறது. இதற்கு வேண்டிய கருவி ஓர் ஆர்மோனியமே. பொருள் புரியாமல் எழுதி மறக்கப்படும் ஏழு சொற்கள், கோயில் கொடையில் நாகசுரம் கேட்டு வளர்ந்த மாணவரின் செவியறிவோடு சேரும்போது, அவர் அரங்கேற்று காதையின் உரையைத் தாமே சோதித்துப் பார்க்கும் ஆய்வாளராகிறார்.