பானட் மட்டும் ஏன் வெளுத்தது?

கேள்வி: அப்பா ஓட்டிய 1979-ஆம் வருடத்து பிரீமியர் பத்மினிக்கு வீட்டிலேயே நானே பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு முதல் முயற்சி. டிங்கர் வேலை, பட்டி, பிரைமர் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு நாள், போர்ட்டிகோவைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, தூசி கிளம்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, கருநீல என்.சி. பெயிண்டை கன்னில் அடித்தேன். காலை பதினொரு மணிக்கு அடித்த கூரை பளபளவென்று வந்தது. மாலை வாசலில் விளக்கு ஏற்றிய நேரத்தில் அடித்த பானட், பத்தே நிமிடத்தில் பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது. துடைத்தாலும் போகவில்லை. பட்டியில் ஈரம் இருந்திருக்கும் என்கிறார் ஒரு பெயிண்டர். தின்னர் கலப்படம் என்கிறார் மெக்கானிக். எது சரி? எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா?

— ஒரு வாசகர், கடலூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சுரண்ட வேண்டாம். உங்கள் பானட்டைச் சரிசெய்துவிடலாம். அதற்குக் காய்ந்த காற்றுள்ள ஒரு நாள் போதும்.

எந்தப் பகுதியை எத்தனை மணிக்கு அடித்தீர்கள் என்பதை எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நன்றி. பெயிண்ட் கெட்டுப்போனது என்று எழுதுகிறவர்கள் டப்பாவின் பெயரைச் சொல்வார்கள், விலையைச் சொல்வார்கள். நேரத்தைச் சொல்பவர்கள் அபூர்வம். பாதி விடை அந்த நேரத்திலேயே இருக்கிறது. கூரைக்கும் பானட்டுக்கும் ஒரே டப்பா, ஒரே தின்னர், ஒரே கன், ஒரே கை. இடையில் மாறியது பொழுது மட்டும்தான்.

பட்டியில் ஈரம் என்ற சந்தேகத்தை முதலில் பார்ப்போம். அது வீண் சந்தேகம் அல்ல. பட்டி தண்ணீரை உறிஞ்சும். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டு நன்றாகக் காயவிடாமல் மேலே பெயிண்ட் அடித்தால் கோளாறு நிச்சயம். ஆனால் அந்தக் கோளாறு பட்டி பார்த்த இடத்தில் மட்டும், சில வாரம் கழித்து, சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். பானட் முழுக்க ஒரே சீராக, அதுவும் பத்து நிமிடத்தில் வெளுக்காது. தின்னர் கலப்படமாக இருந்தால் காலையில் கூரையும் வெளுத்திருக்க வேண்டும். மெக்கானிக் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளுத்ததற்குக் காரணம் காற்றில் இருந்த ஈரம். நடந்தது இதுதான். என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ்: பஞ்சு, மரக்கூழ் போன்றவற்றின் நாரை அமிலத்தில் பதப்படுத்தி எடுக்கும் பிசின். தின்னரில் கரைந்து நிற்கும் இந்தப் பிசின், தின்னர் ஆவியாகிப் போனதும் இரும்பின் மேல் படலமாகத் தங்குகிறது. ஆவியாகிற எந்தத் திரவமும் தான் இருக்கும் இடத்திலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, அதே சங்கதிதான். என்.சி. தின்னர் வெகு வேகமாகப் பறப்பதால் பெயிண்டின் மேற்பரப்பு சில டிகிரி சட்டென்று குளிர்ந்துவிடும்.

இப்போது கடலூரின் காற்றுக்கு வருவோம். காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறுமோ, அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மழைக்காலத்து மாலையில் 28 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை ஏறக்குறைய 25 டிகிரி. பானட் மூன்று டிகிரி குளிர்ந்தாலே போதும், தண்ணீர் படிந்துவிடும். 33 டிகிரி வெயிலும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் பனிநிலை ஏறத்தாழ 21 டிகிரி. அப்போது பன்னிரண்டு டிகிரி குளிர வேண்டும். கூரையை அடித்தபோது காற்றுக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. மாலையில் அந்த இடம் போய்விட்டது. போதாததற்குத் தார்ப்பாய்க்குள் தண்ணீரும் தெளித்திருக்கிறீர்கள். பெரிய பெயிண்ட் பூத்களில் தூசிக்காகத் தரையை நனைப்பது உண்டு. அங்கே உள்ளே இருக்கும் காற்றை விசிறிகள் ஓயாமல் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். உங்கள் தார்ப்பாய்க்குள் அந்த ஈரம் போக வழியில்லை.

படிந்த தண்ணீர் பெயிண்டுக்குள் இறங்கியதும், நீரில் கரையாத நைட்ரோசெல்லுலோஸ் திரிந்து நுண்ணிய வெள்ளைத் துகளாகப் பிரிந்துவிடுகிறது. தண்ணீர் பிறகு ஆவியானாலும் அது இருந்த இடம் ஓட்டையாக நின்றுவிடும். துகளும் ஓட்டையும் ஒளியைச் சிதறடிப்பதால் கருநீலம் வெளுத்துத் தெரிகிறது. வெள்ளை நிறத்தை அடித்திருந்தால், பளபளப்பு குறைந்திருக்கிறதே என்று மட்டும்தான் தோன்றியிருக்கும்.

தின்னர் விஷயத்துக்கு வருகிறேன். தின்னர் என்பது பல கரைப்பான்களின் கலவை. மலிவான தின்னரில் அவசரமாகப் பறக்கிற சரக்கு அதிகம் இருக்கும். மேற்பரப்பை அது கூடுதலாகக் குளிர வைக்கும். கலப்படம் இல்லாமலேயே இது நடக்கும். அதனால் வேலைக்கு நல்ல தின்னர் வாங்குங்கள். மலிவு தின்னரை கன் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பானட்டைச் சரிசெய்யும் வழி. பெயிண்ட் காய்வதில் இரண்டு வகை உண்டு. டூ-கே என்று கடைகளில் சொல்லும் பெயிண்டில் ஹார்டனர் கலந்ததும் ரசாயன மாற்றம் நடந்து இறுகிவிடும். அதன்பின் தின்னருக்கு அது மசியாது. என்.சி. அப்படி இறுகுவதில்லை. எப்போது தின்னர் பட்டாலும் மறுபடி கரையும். உங்கள் பானட்டுக்கு வழி கிடைப்பது இந்தக் குணத்தால்தான். வெயில் காய்ந்து காற்று வறண்டிருக்கும் ஒரு முற்பகலில், நல்ல தின்னரோடு பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் ரிடார்டர் சேர்த்து, பானட் மேல் மெல்லிய சாரலாக அடியுங்கள். ரிடார்டர் என்பது மெதுவாக ஆவியாகும் கரைப்பான். மேல் படலம் திரும்பக் கரையும். தண்ணீர் முந்திக்கொண்டு பறந்துவிடும். பிசின் கடைசி வரை கரைந்தே நின்று, பிறகு ஒழுங்காகப் படியும். கண்ணெதிரே வெள்ளை மறைந்து நீலம் மேலே வருவதைப் பார்க்கலாம். ஒரு சாரலோடு நிறுத்திக்கொண்டு கால் மணி நேரம் பொறுங்கள். ஈரமாக வழியும்படி அடித்தால் கோடு கோடாக இறங்கும். ரிடார்டரை அள்ளி ஊற்றினால் படலம் நாள் கணக்கில் இளகியே கிடந்து தூசியை வாங்கும்.

அதற்கும் மிஞ்சி லேசாக வெளுப்பு தெரிந்தால், ஒரு வாரம் கழித்து ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும். வெளுத்த கோட்டின் மேலேயே அடுத்தடுத்த கோட் அடித்து அது அடியில் மாட்டியிருந்தால் மட்டும், 800 எண் வாட்டர் பேப்பரில் அந்த அளவுக்குத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

மீதிப் பகுதிகளுக்குச் சொல்கிறேன்: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது வேலையில் பாதி. ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கித் தார்ப்பாய்க்கு உள்ளே மாட்டுங்கள். 65-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக அடிக்கலாம். 80-ஐத் தாண்டினால் கன்னைக் கையில் எடுக்காதீர்கள். உங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் ஈரப்பதமும் கூடவே ஏறும். ஆகையால் காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடிப்பது நல்லது. மாசி, பங்குனி உகந்த காலம். அக்னி நட்சத்திரத்தில் அடித்தால் நேர்மாறான தொல்லை வரும்: பெயிண்ட் தகட்டில் போய்ச் சேருமுன்பே தின்னர் பறந்து, மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று நிற்கும். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து, வேலைக்கு முன்பும் இடையிலும் தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் கன் வழியாக வந்தால் வெளுப்பு வராது, குழிகுழியாகப் புள்ளி விழும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது வாசல் விளக்குதான். நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்துப் பஞ்சின் உறவு. பழைய சினிமா ஃபிலிம்கள் தீப்பற்றி எரிந்ததும் இதனால்தான். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து வாசல்படி வரை போகும். அங்கே ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தால் தீ அதே வழியில் திரும்பி உள்ளே வந்துவிடும். அடிக்கும்போதும், முடிந்து வாடை முழுக்கப் போகும் வரையிலும் விளக்கு, அடுப்பு, சிகரெட், பக்கத்தில் பைக்கை ஸ்டார்ட் செய்வது எதுவும் கூடாது. தார்ப்பாயை நான்கு பக்கமும் மூடாமல் எதிரெதிரே இரண்டு பக்கம் திறந்து வையுங்கள். கொஞ்சம் தூசி விழுந்தால் தேய்த்துக்கொள்ளலாம். முகத்துக்கு ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க் தின்னரை நிறுத்தாது. இன்னும் பளபளப்பு வேண்டும் என்று யாராவது டூ-கே பக்கம் இழுத்தால் போகாதீர்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், நுரையீரலில் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடிய பொருள். வெளிக்காற்றைக் குழாய் வழியே முகமூடிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இல்லாமல் அதை அடிப்பது தவறு. வீட்டில் அந்த ஏற்பாடு யாரிடம் இருக்கிறது?

கதவுகள் இன்னும் பிரைமரோடு நிற்கின்றன என்று நினைக்கிறேன். மாசி வரை அவற்றை அப்படியே விட்டுவிடாதீர்கள். பிரைமர் நுண்துளை உள்ள பூச்சு. மழைக்காலம் முழுவதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அடியில் துரு பிடிக்கும், நீங்கள் பட்டி பார்த்த உழைப்பும் வீணாகும். வெயில் அடிக்கும் ஒரு முற்பகல் கிடைத்தால், கதவுகளுக்கு நீலத்தில் இரண்டு மெல்லிய கோட் மட்டும் கொடுத்து மூடிவையுங்கள். அதை மாசியில் 600 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு, அதன் மேலேயே இறுதிக் கோட்களைத் தொடரலாம்.