வீட்டுத் தொட்டியில் தலைப்பிரட்டை வளர்ப்பும் தொட்டிச் செடிகளும்

முதல் மழை பெய்து ஓய்ந்த இரவில் தவளைகளின் கூச்சலைக் கேளாத உழவர் இல்லை. மறுநாள் காலையில் களத்து மேட்டுப் பள்ளத்திலும், வாய்க்கால் தேக்கத்திலும், கிணற்றடிக் குழியிலும் கருமணி கோத்த நூலைப் போலத் தேரையின் முட்டைச் சரங்கள் புல்லைச் சுற்றிக் கிடக்கும். ஒரு வாரத்திற்குள் பள்ளம் முழுவதும் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் நெளியும். மழை தொடர்ந்தால் அவற்றில் சில பிழைக்கும். இடையில் பத்து நாள் வெயில் காய்ந்தால் பள்ளம் சேறாகி, சேறு வெடித்து, அத்தனையும் மாண்டு போகும்.

இவ்வாறு வற்றிவரும் குழியிலிருந்து இருபது முப்பது தலைப்பிரட்டைகளை எடுத்து வீட்டு முற்றத்தில் வளர்த்துக் கால் முளைத்தபின் கொல்லையில் விடுவது செலவில்லாத வேலையாகும். வீட்டில் நாலைந்து செடித் தொட்டிகளும் இருந்துவிட்டால் வேலை இன்னும் எளிது. செடி தலைப்பிரட்டைக்குத் தீனி தரும். தலைப்பிரட்டையின் கழிவு நீர் செடிக்குப் பாயும். வளர்ந்த தேரை அதே தொட்டிகளின் அடியில் குடியிருந்து பூச்சிகளைத் தின்னும். சிறுவர் சிறுமியர் உள்ள வீட்டில் இப்பொறுப்பை அவர்களிடமே விடலாம். ஆனால் கொசு, மருந்து ஆகிய இரண்டையும் பெரியவர்கள்தாம் கவனிக்க வேண்டும். அவற்றைப் பின்னர்ச் சற்று விரிவாகக் கூறுவோம்.

தேரையும் உழவரும்

தேரையென்றாலே முகம் சுளிப்போர் உண்டு. பருப்பில்லாத தேங்காயைத் 'தேரை மோந்த காய்' என்று சொல்லும் வழக்கம் இன்றும் போகவில்லை. தேரைக்கும் தென்னங்குலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தரையில் தாவித் திரியும் அப்பிராணி எறும்பு, கறையான், வண்டு, புழு, சிள்வண்டு என்று கிடைப்பதைத் தின்று வாழ்கிறது. மண்புழுவையும் சில வேளை தின்னும் என்பது உண்மையே. கூட்டிக் கழித்துப் பார்த்தால் உழவருக்கு ஆதாயம்தான். நெல் வயலில் தவளைகள் தத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் பிடித்துத் தின்பதை வரப்பில் சற்று நேரம் உட்கார்ந்தால் எவரும் காணலாம்.

முன்பு நம் நாட்டிலிருந்து தவளைக் கால்கள் கப்பல் கப்பலாக வெளிநாடு சென்றன. வயலில் தவளை குறைந்தால் பூச்சி பெருகும், அதற்கேற்ப மருந்துச் செலவும் ஏறும் என்ற கவலை எழுந்தது. 1987ஆம் ஆண்டு இந்திய அரசு இவ்வேற்றுமதியைத் தடை செய்தது. எனவே வளர்ப்பு என்று இங்கே கூறுவது விற்பனைக்காக அன்று. குளத்திலும் ஏரியிலும் நன்றாக இருப்பவற்றை அள்ளி வருவதற்காகவும் அன்று. தம் வீட்டு எல்லையில் வற்றிச் சாகப் போகின்றவற்றைக் காப்பாற்றி அதே இடத்தில் விடுவதற்கு மட்டுமே. ஓரூர்த் தவளையையோ குட்டை நீரையோ வேற்றூருக்குக் கொண்டு செல்வதால் தவளைகளைக் கொல்லும் தோல் பூசண நோய் பரவக்கூடும். உலகின் பல பகுதிகளில் தவளையினங்கள் அழிந்ததற்கு இந்நோய் ஒரு காரணம் என்பது 1998ஆம் ஆண்டு முதல் தெரிய வந்துள்ளது.

எதை எடுப்பது?

தேரையின் தலைப்பிரட்டை சிறியது, நல்ல கருநிறம் உடையது, கூட்டமாகத் திரியும். இதுவே வீட்டில் வளர்க்க ஏற்றது. பெரிய வயல் தவளையின் தலைப்பிரட்டை மங்கிய பழுப்பு நிறமாகவும் பருத்தும் இருக்கும். அது பிற தலைப்பிரட்டைகளைத் தின்னும் இயல்புடையது. தன் இனத்தையும் விடாது. இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் இட்டால் வாரக் கடைசியில் பெரியது மட்டுமே மிஞ்சியிருக்கும். தட்டான்பூச்சியின் இளம்பருவமும் குட்டை நீரோடு வந்துவிடுவதுண்டு. ஆறு கால்களும் பெரிய கண்களும் கொண்டு அடியில் ஊர்ந்து திரியும் அதைக் கண்டால் எடுத்துக் குட்டையிலேயே விட்டுவிட வேண்டும்.

கையால் பிடிக்காமல் ஒரு குவளையால் நீரோடு மொண்டு எடுக்க வேண்டும். சோப்போ எண்ணெயோ பட்ட கை நீரில் படலாகாது.

தொட்டியும் நீரும்

வாயகன்ற மண் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ போதும். செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் அறவே கூடாது. செம்பு நீரில் சிறிதளவு கரைந்தாலும் தலைப்பிரட்டைக்கு நஞ்சாகும். புதிய சிமெண்டுத் தொட்டியாயின் சுண்ணாம்புக் காரம் போகும்வரை இரண்டு வாரம் நீர் நிரப்பி, பலமுறை மாற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும். லிட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் விட்டால் நெருக்கடி இராது. இருபது லிட்டர் தொட்டிக்கு இருபது முதல் முப்பது வரை போதும்.

மழை நீரும் நல்ல கிணற்று நீரும் ஏற்றவை. உப்புக் கிணற்று நீர் ஆகாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அதை அகன்ற பாத்திரத்தில் திறந்தவாறு ஒரு நாள் வைத்த பிறகே ஊற்ற வேண்டும். தொட்டியில் ஒரு சாண் உயரம் நீர் இருந்தால் போதும். காலை வெயில் சற்றுப் பட்டு, உச்சி வெயில் படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள உயிர்க்காற்று குறைந்துவிடும். தலைப்பிரட்டைகள் அடிக்குச் செல்லாமல் மேற்பரப்பிலேயே கூடி நிற்பது இதன் அறிகுறியாகும். உடனே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி நிழலுக்கு நகர்த்த வேண்டும்.

தீனிக்குச் செடி

முட்டையிலிருந்து வெளிவந்தவை முதல் இரண்டு மூன்று நாட்கள் எதையும் தின்னாமல் ஒட்டிக் கொண்டே கிடக்கும். பயப்பட வேண்டியதில்லை. அதன்பின் அவற்றின் முதன்மையான உணவு பாசி. அவற்றை எடுத்த குழியிலிருந்தே பாசி படிந்த கல் ஒன்றை எடுத்துத் தொட்டியில் போட்டு வைத்தால் நாள் முழுவதும் சுரண்டித் தின்று கொண்டிருக்கும்.

இதனுடன் வேகவைத்துப் பிழிந்து மசித்த கீரையை இருபது தலைப்பிரட்டைக்கு ஒரு சுண்டைக்காய் அளவு நாளும் இடலாம். வெந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். வாரத்திற்கு ஒரு முறை வேகவைத்த முட்டை மஞ்சட்கருவை மிளகளவு இட்டால் போதும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பிள்ளைகள் அன்பு மிகுதியால் சோற்றுப் பருக்கையும் பிஸ்கட்டும் அள்ளிப் போடுவர். தின்றது போக மீந்தது ஓரிரவில் அழுகி நீர் நாறும். நாறிய நீரில் தலைப்பிரட்டை பிழைக்காது. பட்டினியால் இறந்ததைவிடத் தீனி மிகுந்து இறந்ததே அதிகம் என்பேன்.

கடையில் வாங்கிய கீரையில் பூச்சி மருந்து தங்கியிருக்கக்கூடும். எனவே மழைக்காலத்திற்குச் சற்று முன்பே இரண்டு தொட்டிகளில் சிறுகீரை விதைத்துவிடுவது நலம். இருபத்தைந்து நாட்களில் கீரை பறிப்புக்கு வந்துவிடும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்ப வேண்டும். தொட்டியின் அடித் துளையை ஓட்டுச்சில்லால் கவிழ்த்து மூடினால் மண் கரையாது, நீரும் தேங்காது. மிளகாய், கத்தரி, புதினா, கறிவேப்பிலை ஆகியவற்றையும் இதே கலவையில் வைக்கலாம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் அழுத்திப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். தொட்டிச் செடி வாடிச் செத்ததைவிட வேர் அழுகிச் செத்ததே வீடுகளில் அதிகம்.

கழிவு நீர்

தலைப்பிரட்டைத் தொட்டியில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு நீரை அடியிலிருந்து மொண்டு எடுத்துப் புதுநீர் ஊற்ற வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் மாற்றலாகாது. எடுத்த நீரைத் துணியில் வடித்துச் செடித் தொட்டிக்கு ஊற்றலாம். தலைப்பிரட்டையின் கழிவில் தழைச்சத்து உண்டு. ஆயினும் இது மிக நீர்த்த உரம். கீரைக்கு ஓரளவு தெளிவு தெரியும். காய்க்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் இதுவே போதும் என்று எண்ணித் தொழு உரத்தை நிறுத்திவிடலாகாது.

நீர் எப்போதும் தலைப்பிரட்டையிடமிருந்து செடிக்குத்தான் போக வேண்டும், செடியிடமிருந்து தலைப்பிரட்டைக்கு வரக்கூடாது. யூரியா இட்ட பூந்தொட்டியின் வடிநீர் ஒழுகி வந்து சேருமாறு தொட்டியைக் கீழே வைப்பது பெரும் பிழை.

மருந்து

என் வீட்டில் நடந்ததைக் கூறுகிறேன். அறுபது தலைப்பிரட்டைகள் இருந்தன. பாதிக்குமேல் பின்கால் முளைத்துவிட்டன. வெண்டைச் செடியில் அசுவினி அடையாக மொய்த்திருந்ததால் மாலையில் கைத்தெளிப்பானால் மருந்து அடித்தேன். தொட்டி ஐந்தாறு அடி தள்ளித்தான் இருந்தது. மேலே வலையும் கட்டியிருந்தது. காற்று அந்தப் பக்கம் வீசியதை நான் பொருட்படுத்தவில்லை. விடிந்து பார்த்தால் எல்லாம் அடியில் மல்லாந்து கிடந்தன. நான்கு மட்டும் மிஞ்சின. நாள்தோறும் எண்ணிப் பார்த்து வந்த என் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பயிர்ப் பாதுகாப்பைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் என்னிடம் அவளுக்குச் சொல்ல விடை ஏதும் இல்லை.

செவுள் மூலம் நீரில் மூச்சு விடும் உயிருக்கு மருந்துச் சாரல் துளியளவே போதும். வேப்ப எண்ணெய்தானே என்று எண்ணுவதும் தவறு. அதனுடன் கலக்கும் சோப்புக் கரைசலே செவுளைக் கெடுக்கும். தலைப்பிரட்டை உள்ள ஒன்றரை மாதமும் செடிகளுக்குத் தெளிப்பு வேண்டாம். அசுவினி கண்ட நுனியைக் கிள்ளி எறியலாம். மாவுப்பூச்சியை ஈரத் துணியால் துடைத்து எடுக்கலாம். தெளித்தே ஆக வேண்டுமாயின் செடித் தொட்டியைத் தூக்கிக் கொண்டு வீட்டின் மறுபுறம் போய்த் தெளித்து, இலை காய்ந்து ஓரிரு நாள் சென்றபின் கொண்டு வர வேண்டும்.

கொசு

நின்ற நீரில் கொசு முட்டையிடும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவிற்கு இத்தகைய தொட்டியும் பூந்தொட்டித் தட்டும்தான் விருப்பமான இடங்கள். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று பலர் நம்பி வாளாவிருக்கின்றனர். தேரையின் தலைப்பிரட்டை பாசி தின்பது. அதை நம்பிக் கொசுவைவிட முடியாது.

எனவே தொட்டியின் வாயை முதல் நாளிலிருந்தே கொசு வலைத் துணியால் மூடிக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். தீனியிடும் போது மட்டும் அவிழ்க்கலாம். நீர் மாற்றும்போது துணியில் வடிக்கச் சொன்னதும் இதற்காகவே. துணியில் கொசுப்புழு தங்கினால் வலையில் எங்கோ ஓட்டை உள்ளது என்று பொருள். செடித் தொட்டிகளின் அடித் தட்டுகளை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். தட்டில்லாமல் செங்கல் மேல் தொட்டியை வைப்பது அதனினும் நன்று. கொசுப்புழு பார்க்க வரும் சுகாதாரப் பணியாளரிடம் தொட்டியைத் திறந்து காட்டி, மருந்து கலக்க வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லி வைக்கலாம். அவர் புழுவைக் கண்டு கொட்டச் சொன்னால் கோபிக்க நியாயம் இல்லை. தலைப்பிரட்டைகளைக் குழியில் விட்டுவிட்டுத் தொட்டியைக் கொட்டத்தான் வேண்டும்.

கால் முளைத்தபின்

முதலில் பின்கால்கள் தோன்றும். சில நாள் கழித்து முன்கால்கள் வெளிப்படும். முன்கால் வந்ததும் அது தீனியை நிறுத்திவிடும். வாய் மாறுகிறது, வால் கரைந்து அதுவே உணவாகிறது. 'தின்னவில்லையே' என்று இந்த நேரத்தில் தீனியைக் கூட்டலாகாது. இனி அதற்கு வேண்டியது கரை. நீரை நான்கு விரற்கடை உயரத்திற்குக் குறைத்து, ஓட்டுத்துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்து ஏறுவதற்கு வழி செய்ய வேண்டும். இல்லையேல் மூச்சு முட்டி மூழ்கிச் சாகும். இவ்வளவு நாள் வளர்த்து, ஓர் ஓட்டுத்துண்டு வைக்க மறந்து இழந்தவர்கள் உண்டு. முட்டை பொரித்ததிலிருந்து இந்நிலை வர ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

கரையேறிய தேரைக்குஞ்சு சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். உயிருள்ள நுண்ணிய பூச்சிகளையே தின்பதால் வீட்டில் வைத்துத் தீனி கொடுப்பது இயலாத வேலை. மாலையில், மண் ஈரமாக உள்ளபோது, எடுத்த இடத்திற்கு அருகிலேயே செடித் தொட்டிகளின் அடியிலும் சருகுக் குவியலிலும் விட வேண்டும். பகல் வெயிலில் விட்டால் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். கோழிகளை அடைத்த பின் விடுவது நல்லது. எத்தனை விட்டாலும் பல்லி, ஓணான், பறவைகளுக்குப் போக மிகச் சிலவே பெரிதாகும். முட்டைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதன் காரணமும் அதுவே. வளர்ந்த தேரையின் காதருகே உள்ள சுரப்பியில் எரிச்சலூட்டும் பால் வடியும். தொட்ட பிள்ளைகள் கண்ணைக் கசக்காமல் கையைக் கழுவிக் கொள்ள வேண்டும். அதைக் கவ்விய நாய் நுரை தள்ளும்.

கடைசித் தேரையும் போனபின் தொட்டியின் நீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக் கொண்டு, பல மாதங்கள் காய்ந்து கிடந்தும், மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவிய தொட்டியை அடுத்த மழைவரை வெயிலில் கவிழ்த்து வைக்கலாம். அதுவரை சும்மா கிடப்பானேன் என்று தோன்றினால், அடியில் துளையிட்டுக் கீரை விதைத்துவிடலாம்.