பால்கனி எந்தப் பக்கம் பார்க்குது?

நர்சரிக்குப் போகிறோம். பூத்துக் குலுங்கும் ரோஜா ஒன்று கண்ணில் படுகிறது. "இது நல்லா வருமாண்ணா?" என்று கேட்கிறோம். "சூப்பரா வரும்பா" என்கிறார் அவர். கொண்டுவந்து பால்கனியில் வைத்தால் மூன்றே வாரத்தில் அது வெறும் குச்சி. உடனே, "எனக்குக் கைராசி இல்லப்பா" என்று ஒரு தீர்ப்பு.

கைராசி எல்லாம் ஒண்ணுமே இல்ல மக்களே. நர்சரிக்காரரும் பொய் சொல்லவில்லை, அவருடைய இடத்தில் அது நன்றாகத்தான் வந்தது. "உங்க பால்கனி எந்தப் பக்கம் பார்க்குது?" என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை, அவ்வளவுதான். பணத்தைக் கொடுத்து செடி வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு நிஜ பால்கனியை வைத்தே பேசலாம். எங்கள் வீடு சென்னையில், முதல் மாடி, வாடகை. பால்கனி 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், தெற்குப் பார்த்தது. மேல் வீட்டுப் பால்கனிதான் அதற்குக் கூரை. அம்மாவுக்கு அதில் தக்காளி வேண்டும். வீட்டு ஓனருக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகக் கூடாது. என்னைக் கேட்டால் இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான்.

சூரியன் எங்கே நிற்கிறது?

"தெற்குப் பார்த்த பால்கனின்னா நல்ல வெயில் வரும்" என்று இன்டர்நெட் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்களுக்கு வருஷம் முழுக்கச் சூரியன் தெற்கில்தான் உச்சிக்கு வரும். நமக்கு அப்படி இல்லை. சென்னை இருப்பது வடக்கு அட்சரேகை 13 டிகிரியில். சூரியனோ வடக்கே 23.4 டிகிரி வரை போய்த் திரும்புகிறது. அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே நாள் முழுக்க நகரும். ஜூன் மாதம் ஊரே வெயிலில் வெந்தாலும் தெற்குப் பால்கனியில் நேரடி வெயில் விழாது. அந்த மூன்று, நான்கு மாதம் வடக்குப் பால்கனிக்காரர்களுக்குத்தான் யோகம்.

டிசம்பரில் கதை தலைகீழ். டிசம்பர் 21 மதியம் சென்னையில் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். மேல் கூரை 2.85 மீட்டர் உயரத்தில் இருந்தால் வெயில் உள்ளே எவ்வளவு தூரம் வரும்? 2.85-ஐ டேன் 53 டிகிரியால் வகுத்தால் சுமார் 2.1 மீட்டர். எங்கள் பால்கனியே 1.2 மீட்டர்தான், ஆக முழுசா நனையுது வெயில்ல. மார்ச் 21-க்கு இதே கணக்கைப் போட்டால் கோணம் 77 டிகிரி, வெயில் உள்ளே வருவது சுமார் 66 சென்டிமீட்டர் மட்டும். ப்ளஸ் டூவில் "இந்த டிரிக்னாமெட்ரி எதுக்குடா யூஸ் ஆகும்" என்று கேட்டவர்களுக்கு: இதுக்குத்தான்.

இன்னொன்று, கைப்பிடிச் சுவர். அது கம்பியாக இல்லாமல் செங்கல் சுவராக இருந்தால் அதற்கும் நிழல் உண்டு. ஒரு மீட்டர் உயரச் சுவர் டிசம்பர் மதியம்கூட முக்கால் மீட்டர் நிழல் போடும். அப்போது தொட்டியைத் தரையில் வைப்பது வீண். ஸ்டாண்டு, ஸ்டூல், பழைய மேஜை என்று எதன் மேலாவது ஏற்ற வேண்டும்.

திசை பார்க்க போனில் இருக்கும் காம்பஸ் போதும், ஆனால் இரும்பு கிரில்லை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள், இல்லாவிட்டால் முள் பொய் சொல்லும். கணக்கே வேண்டாம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கொரு தடவை பால்கனியை போட்டோ எடுங்கள். ஓரம் தெளிவாகத் தெரியும் நிழல் விழுந்தால் அது நேரடி வெயில். எத்தனை போட்டோவில் அது இருக்கிறதோ அத்தனை மணி நேர வெயில். ஆனால் அது அந்த மாதத்துக்கான பதில் மட்டும்தான்.

அப்புறம்தான் செடி

காய் காய்க்கிற எதற்கும் (தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்) குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைகள் மூன்று, நான்கு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். புதினா, கற்பூரவல்லி, பசலைக்கொடி மூன்றும் கிழக்குப் பால்கனியின் காலை வெயிலுக்கே நன்றாக வரும். மேற்கு கொஞ்சம் முரட்டுப் பக்கம். மதியத்துக்கு மேல் வருகிற வெயிலோடு சுவரின் சூடும் சேர்ந்துகொள்ளும். அங்கே கறிவேப்பிலை, கற்றாழை, போகன்வில்லா தாங்கும், புதினா கருகும். வெயிலே எட்டிப் பார்க்காத இடம் என்றால் மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

எங்கள் தெற்குப் பால்கனியில் அம்மாவின் தக்காளிக்கு என்ன வழி? மே மாதத்தில் நட்டால் இரண்டு அடி. வெயிலும் இல்லை, இரவிலும் சூடு இறங்காது. இரவு வெப்பம் 25 டிகிரிக்கு மேலேயே நின்றால் தக்காளி பூக்கும், ஆனால் பூ பிஞ்சாகாமல் உதிரும். அதையே செப்டம்பரில் விதைத்து, நாற்று 25 நாள் ஆனதும் பையில் நட்டால் பூக்கிற சமயம் நவம்பர். வெயில் உள்ளே வர ஆரம்பித்திருக்கும், இரவும் குளிர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை மொட்டை மாடித் தக்காளியை அடித்து நொறுக்கும்போது இதற்கு மேலே கூரை இருக்கிறது. தெற்குப் பால்கனியும் தக்காளியும் செம காம்பினேஷன், தேதியை மட்டும் சரியாகப் பிடிக்க வேண்டும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பாட்டி சொல்வதும் தேதியைப் பற்றித்தான். தற்செயலாக நம் ஆட் செமஸ்டரும் அந்தச் சமயத்தில்தான் தொடங்குகிறது. பையில் வளர்க்கிறவர்களுக்கு ஆடி இரண்டு வாரம் முன்னப்பின்ன போனாலும் பரவாயில்லை. ஹாஸ்டலில் இருந்து விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்குப் போகிறவர்கள் செடியின் ஆயுளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுகீரையும் வெந்தயக்கீரையும் 25, 30 நாளில் அறுவடை, இரண்டு இன்டர்னலுக்கு நடுவில் முடிந்துவிடும். கத்தரி முதல் காய் தரவே நட்டு இரண்டு மாதம் ஆகும், பிறகு மாதக்கணக்கில் காய்க்கும். அதுக்கு வீட்ல தினம் தண்ணி ஊத்த ஒரு ஆள் இருக்கணும்.

விதை வாங்கும்போது பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஒட்டுரகம். காய் நன்றாகவே வரும், ஆனால் அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் அதே குணம் வராது. விதை எடுத்துவைக்கும் எண்ணம் இருந்தால் நாட்டு ரகம் வாங்குங்கள்.

சிவில் பசங்க கவனிக்க, மத்தவங்க இன்னும் நல்லா கவனிக்க

மாடித்தோட்டம் பற்றிய வீடியோக்கள் அதிகம் பேசாத விஷயம் எடை. 12 அங்குல விட்டம், 12 அங்குல உயரம் உள்ள ஒரு வளர்ப்புப் பையின் கொள்ளளவு சுமார் 22 லிட்டர். மேலே ஓர் அங்குலம் விட்டு நிரப்பினால் 20 லிட்டர். அதில் முழுக்கச் செம்மண் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 36 கிலோ. செம்மண், தென்னை நார்க்கழிவு, தொழுஉரம் மூன்றும் சம பங்கு என்றால் சுமார் 24 கிலோ.

ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி, ஆட்கள் ஏறிப் போகிற மொட்டை மாடிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லும் நகரும் சுமை ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். கிட்டத்தட்ட 150 கிலோ. துணி காயப்போட வருகிறவர்களும் அந்த 150-க்குள்தான். ஒரு சதுர மீட்டரில் இடைவெளி இல்லாமல் அடுக்கினால் பத்துப் பை நிற்கும். செம்மண் பை என்றால் 360 கிலோ, கலவைப் பை என்றால்கூட 240. மூன்றே பை வைத்தால் 72 கிலோ. செடிகளுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால் எப்படியும் அவ்வளவு இடைவெளி விடத்தான் போகிறோம். பைகளைச் சுவருக்கும் பீமுக்கும் மேலே வருகிற மாதிரி ஓரமாக வரிசைப்படுத்துங்கள், நடு ஸ்லாபைக் காலியாக விடுங்கள்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கேன்டிலீவர் பால்கனியில் இதைவிடக் கவனம் வேண்டும். அங்கே எடையைப் போலவே அது வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். சுவரிலிருந்து 20 சென்டிமீட்டரில் வைத்த தொட்டியை ஒரு மீட்டர் தள்ளி ஓரத்தில் வைத்தால், அதே தொட்டி வேரில் தரும் வளைப்புத் திருப்பம் ஐந்து மடங்கு. பெரிய தொட்டி சுவரை ஒட்டியும் சின்னது ஓரத்திலும் இருக்கட்டும். கைப்பிடிச் சுவரின் மேல் சும்மா தூக்கி வைப்பது வேண்டவே வேண்டாம், கீழே ஆள் நடக்கிறார்கள்.

ஓனரின் பயத்துக்கு வருவோம். கேன்டிலீவரில் முக்கியக் கம்பி ஸ்லாபின் மேல்பக்கம் இருக்கும். தொட்டிக்கு அடியில் தினமும் தேங்குகிற தண்ணீர் தரை வெடிப்பு வழியாக இறங்கினால் முதலில் தொடுவது அந்தக் கம்பியைத்தான். துரு பிடித்தால் கம்பி உப்பி கான்கிரீட்டைப் பிளக்கும், கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரமாக. அதனால் "செடி வைக்காதே" என்று சொல்லும் ஓனரிடம் சண்டை போடுவதைவிட, பைகளைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, அடியில் தரை தினமும் காய்வதைக் காட்டுவது நல்லது. எங்கள் வீட்டில் அனுமதி கிடைத்தது அந்த ஸ்டாண்டைப் பார்த்த பிறகுதான்.

அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவணும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக மாற எட்டு, பத்து நாள் போதும்.

மண்ணும் தண்ணீரும்

தென்னை நார்க்கழிவைக் கட்டியாக விற்கிறார்கள். ஐந்து கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் 70 லிட்டர் வரை உப்பும். அதில் உப்பு இருக்கும், ஆகவே இரண்டு, மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். தனியாக அதற்குச் சத்து கிடையாது. தொழுஉரமோ மண்புழு உரமோ சேர்த்தே ஆகணும், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டால் நல்லது.

தொட்டிக்கு அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீங்க. மண்ணின் நுண்துளைகள் தண்ணீரை ஈர்த்துப் பிடித்திருக்கும். அடியில் பெரிய இடைவெளி வந்தால், மேலே உள்ள மண் முழுக்க நிறைகிற வரை தண்ணீர் அதற்குள் இறங்காது. சொதசொதவென்று இருக்கும் அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்ததுதான் மிச்சம். ஓட்டையை மூட ஓர் ஓட்டுச்சில்லோ கொசுவலைத் துண்டோ போதும்.

தண்ணீர் எவ்வளவு? கோடையில் ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நன்றாக விரிந்த கத்தரிச்செடியின் இலைப்பரப்பு மேலிருந்து பார்த்தால் கால் சதுர மீட்டர். பெருக்கினால் ஒன்றரை லிட்டர். நாற்றாக இருக்கும்போது ஒரு டம்ளர் போதும். ஆக, அளவை மனப்பாடம் பண்ணாமல் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பு என்றால் சில வாரத்தில் மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். அப்போது அடியில் வடிந்து ஓடும் வரை ஒருமுறை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி இறக்க வேண்டும். ஆர்ஓ மெஷினின் கழிவு நீர் இன்னும் உப்பு, அது செடிக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. பக்கெட் வைத்துப் பிடித்துப் போர்த் தண்ணீரோடு கலந்து அழகுச்செடிகளுக்கு ஊற்றலாம்.

அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைய நாலு சொட்டு சோப்புத் திரவம். சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். மதிய வெயிலில் அடித்தால் இலை கருகும்.

நாலைந்து நாள் ஊருக்குப் போகிறீர்களா? பழைய காட்டன் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு முனையை மண்ணுக்குள்ளும் மறு முனையை வாளித் தண்ணீரிலும் விடுங்கள். வாளியின் நீர்மட்டம் மண்மட்டத்தைவிடச் சற்றே கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் திரி சைஃபன் மாதிரி வேலை செய்து ஒரே நாளில் வாளியைக் காலி பண்ணிவிடும். ரொம்பக் கீழே போனால், ஒரு சாணுக்கு மேல் திரி தண்ணீரை ஏற்றாது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வைத்துப் பாருங்கள், சரியான உயரம் அதற்குள் பிடிபட்டுவிடும்.