சத்தமில்லாமல் போட்ட பூட்டு

அன்புள்ள மலர்,

அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். 1957 செப்டம்பரில் எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற 15 வயதுக் கறுப்பினப் பெண் நோட்டை அணைத்தபடி பள்ளிக்கு நடக்கிறாள். பின்னால் வெள்ளையர் கூட்டம் கத்திக்கொண்டே வருகிறது. பார்த்தவர் மறக்க முடியாத படம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தைவிட எனக்குப் பயம் தருவது, குரலே உயர்த்தாத இன்னொரு எதிர்ப்பு. அதைப் படம் பிடிக்க முடியாது.

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. அங்கே ஃபார்ம்வில் ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டியது. படித்தவர்களோ 450க்கும் மேல். இடம் போதாமல் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற மாணவி முன்னே நிற்க, பள்ளியே வெளிநடப்புச் செய்தது. அவளுக்கு வயது 16. உன்னைவிட இரண்டுதான் கூட. அதிலிருந்து பிறந்த வழக்கு, பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரித்த ஐந்தில் ஒன்று. அந்த பிரவுன் வழக்கில்தான், அரசுப் பள்ளிகளில் இனம் பிரித்துப் படிக்கவைப்பது செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்போதைக்குள் மாற்ற வேண்டும் என்று கெடு மட்டும் வைக்கவில்லை. அந்தச் சந்து போதாதா?

1956இல் அந்தத் தீர்ப்புக்கு எதிராக வர்ஜீனியா செனட்டர் ஹாரி பேர்ட் 'பேரெதிர்ப்பு' என்று அறைகூவினார். 1959இல், இனியும் தள்ளிப்போட முடியாது என்று நீதிமன்ற உத்தரவு வந்ததும், கவுண்டி நிர்வாகக் குழு பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்க மறுத்தது. யாரும் கல்லெறியவில்லை, பட்ஜெட்டில் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். அரசுப் பள்ளிகள் எல்லாம் மூடப்பட்டன.

வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி உடனே எழுந்தது. பிறகு மாநிலத்தின் மானியமும் கவுண்டியின் வரிச்சலுகையும் அதைத் தாங்கின. ஏறக்குறைய 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலருக்குத் தேவாலயத்தில் கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. பலருக்கு அதுவும் இல்லை. 1963இல்தான் நன்கொடைப் பணத்தில் இலவசப் பள்ளிகள் நடந்தன. வரி போட்டாவது பள்ளிகளைத் திறக்கவைக்கலாம் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே பூட்டுத் திறந்தது.

2003இல் அந்தப் பிள்ளைகளுக்குக் கௌரவச் சான்றிதழ் வழங்கினார்கள். பள்ளி மூடிய வருஷம் 16 வயதாக இருந்தவருக்கு, அதை வாங்கும்போது 60.

அன்புடன்,
சித்தப்பா