கல்லாவை எண்ணிய பிறகு பத்து நிமிடம்

கோடைக்கானலில் ஹோம்மேட் சாக்லேட் கடை நடத்துகிறேன். சீசன் வந்தால் ஞாயிறு பூசைகூடத் தவறுகிறது. கடவுளை விட்டு விலகிவிட்டேனோ என்று உறுத்துகிறது. எங்கிருந்து தொடங்குவது, ஃபாதர்?
– வாசகி, கோடைக்கானல்

உறுத்துகிறதே, அதுவே பாதித் தூரம் திரும்பி வந்ததுதானம்மா.

மீதித் தூரத்துக்கு வழி உங்கள் மலையிலேயே இருக்கிறது. செண்பகனூரில் 1895-இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கிய இயேசு சபையார் நாள்தோறும் செய்யும் ஆன்ம சோதனை அது. 1548-இல் அச்சான புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் உள்ள முறை, ஐந்தே படிகள்.

ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணியதும் பத்து நிமிடம் அங்கேயே உட்காருங்கள். முதலில் நன்றி. அடுத்து, உண்மையைக் காட்டும்படி ஆண்டவரிடம் கேளுங்கள். மூன்றாவது, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: வேலைக்கு வரும் பெண்ணிடம் எரிந்து விழுந்தது, காசு போதாத பிள்ளைக்கு ஒரு துண்டு கொடுத்தது. நான்காவது, மன்னிப்பு. ஐந்தாவது, நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். அந்தப் பெண்ணுக்கு உட்கார்ந்து சாப்பிட அரைமணி விடுவது போதும்.

ஞாயிறு முடியாவிட்டால் சனி மாலைத் திருப்பலிக்குப் போகலாம், அதுவும் ஞாயிறு பூசைதான். பாவசங்கீர்த்தனத்தை மட்டும் சீசன் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். சாமியாருக்கு எல்லா மாதமும் சீசன்தான்!