பாதியில் நின்ற போர்வை

(குழுக்களுக்கான பாடம்)

பார்ப்போம்

2006 ஆகஸ்ட்டில் மூதூர், தோப்பூர்ப் பகுதி மக்கள் கந்தளாய் நோக்கி ஓடினர். அதே ஆண்டில் சம்பூரை விட்டு வெளியேறியோர் 2015 இலேயே ஊர் திரும்பத் தொடங்கினர். இந்த ஓட்டங்களில் நெல்லும் மாடும் போயின. ஆயினும் சில வீடுகளின் றங்குப்பெட்டிகளில் ஒன்று மிஞ்சியுள்ளது: தாயோ மாமியோ பழஞ்சீலைகளை அடுக்கித் தைக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட போர்வை.

தோப்பூரில் நாம் சந்தித்த ஒரு மகள், தாய் குத்திவைத்த ஊசியைக்கூட எடுக்கவில்லை. தாய் காணாமற் போனவர். "தைச்சு முடிச்சா, அம்மா இனி வரமாட்டா எண்டு நானே சொன்ன மாதிரி ஆயிடும் பாதர்" என்றார். மாரி மழையில் பிள்ளைகள் குளிரில் கிடக்க, போர்வை பெட்டியில் கிடக்கிறது. இத்தயக்கத்தை மூடநம்பிக்கை என்று நாம் தள்ளிவிடலாகாது.

சிந்திப்போம்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆபிரிக்க வழிவந்த சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள் என மூன்று சமயத்தவரும் உளர். அப்பெண்கள் பழந்துணித் துண்டுகளைக் கொண்டு 'கவந்தி' எனும் போர்வையை, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைக்கின்றனர். மூலைகளில் மடித்த முக்கோணத் துணியைப் 'பூ' என வைத்து முடிப்பர். அப்பூ இல்லாத போர்வை அவர்களுக்கு ஆடையற்ற போர்வை.

அமெரிக்காவில் 2022 இல் 'லூஸ் எண்ட்ஸ்' என்ற முயற்சி தொடங்கியது. இறந்தோரும் நோயால் கை ஓய்ந்தோரும் விட்டுச்சென்ற கைவேலைகளைத் தொண்டர்கள் கூலியின்றி முடித்து, அக்குடும்பத்திடமே கொடுக்கின்றனர்.

மோசே தூரத்தில் கண்ட நாட்டினுள் யோசுவா மக்களை அழைத்துச் சென்றார். வயலிலும் நாம் அறிந்ததே இது: தந்தை கட்டிய வரம்புக்குள் மகன் விதைக்கிறான். அதனால் அது தந்தையின் வரம்பு இல்லை என்று ஆகிவிடுவதில்லை.

செய்வோம்

1. தைக்குமுன் துவைக்க வேண்டாம், அடுக்குகள் விலகிவிடும். வெளியே காற்றாட விரித்து, பூஞ்சணத்தை மெல்லத் தட்டி அகற்றுங்கள்.

2. துணியை இலேசாக இழுத்துப் பாருங்கள். நைந்து கிழியும் இடத்தில் மெல்லிய பருத்தித் துண்டொன்றை மேலே வைத்துத் தையுங்கள்.

3. ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் உள்ளது, வரிகள் எப்பக்கம் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதையே பின்பற்றுங்கள். கை வேறுபடுவது குறையல்ல.

4. தைக்காத பகுதியின் அடுக்குகளைத் தட்டையாக விரித்து, பெரிய தையல்களால் தற்காலிகமாக இணையுங்கள். முடிந்ததும் அவற்றைப் பிரிக்கலாம்.

5. பருத்தி நூலே நல்லது. உறுதியான பொலியெஸ்டர் நூல் பழந்துணியை அறுத்துவிடக்கூடும். முடிச்சை அடுக்குகளுக்கிடையே மறைத்து, பழைய வரியின் கடைசி அங்குலத்தின் மேலேயே புதிய நூலை ஓட்டித் தொடருங்கள். பழைய தையலைப் பிரிக்க வேண்டாம். தளர்ந்திருந்தால் அருகே இன்னொரு வரி ஓட்டுங்கள்.

6. முடிந்தபின் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் போகிறதா எனப் பாருங்கள். பின்னர் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் விரித்து உலர்த்துங்கள்.

7. ஒரு மூலையில் தொடங்கியவர், முடித்தவர் இருவரின் பெயரையும் தையுங்கள்.

காணாமற் போனவரின் போர்வையாயின், ஓரங்களை உறுதியாக மூடிவிட்டு, உள்ளே ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் தைக்காமல் விடலாம். அது அவருக்குரிய இடம். பிள்ளைகளுக்குக் குளிரும் தீரும். காத்திருப்பையும் எவரும் கைவிட வேண்டியதில்லை. இதை அந்த மகளிடம் சொன்னோம். "யோசிச்சுப் பாக்கிறன்" என்றார். அதற்குமேல் நாம் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவும் கூடாது.

கலந்துரையாடுவோம்

1. நமது வீட்டில் பாதியில் நிற்கும் வேலை எது? அதைத் தொடங்கியவர் யார்?

2. அதைத் தொடுவதற்கு நம்மைத் தடுப்பது எது?

3. அயல்வீட்டில் இத்தகைய வேலை இருப்பின், அவர்கள் விரும்பினால், எம் குழு எவ்வாறு கைகொடுக்கலாம்?